ஓட்டை போட்ட புத்தகம்: எரிக் கார்லின் புழுவும் பாலக்கோட்டுப் பட்டுக்கூடும்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு சின்னப் புத்தகங்களைப் பற்றியது. சின்னதுன்னா நிஜமாவே சின்னது. இன்னைக்கு நாம முக்கியமா பேசப் போற கதையில மொத்தமே 200 சொற்களுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். நீங்க ஒரு நாளைக்கு அனுப்புற வாட்ஸப் மெசேஜ்களோட கூட்டுத்தொகை அதைவிட அதிகம். ஆனா அந்தப் புத்தகம் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, 60க்கும் அதிகமான மொழிகளுக்குப் போயிருக்கிறது. 1969ல் அமெரிக்காவில் வெளிவந்த "தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்". பசி அடங்காத ஒரு புழுவோட கதை. எழுதி, படம் செய்தவர் எரிக் கார்ல்.

"படம் வரைந்தவர்"னு சொல்லாம "படம் செய்தவர்"னு சொன்னதை கவனிச்சிருப்பீங்க. காரணம் இருக்கு, வர்றேன்.

நான் பாலக்கோட்டுக்காரன். சேலத்துல இருந்து பெங்களூரு போற ரயில் பாதையில, தர்மபுரிக்கும் ஓசூருக்கும் நடுவுல இருக்கிற ஊர். தக்காளி, மாம்பழம், கரும்பு, அப்புறம் பட்டுக்கூடு. எங்க பக்கத்துக் கடைத்தெருவுல ரெண்டு கோடு நோட்டு, நாலு கோடு நோட்டு, கைடு எல்லாம் கிடைக்கும். 3 வயசுக் குழந்தைக்கு ஒரு கதைப் புத்தகம் வேணும்னு கேட்டா, எழுத்து சார்ட்டை எடுத்து விரிப்பாங்க. அது தப்பான பொருள் இல்லை. ஆனா சார்ட்டும் கதையும் ஒண்ணு இல்லை. இன்னும் படிக்கத் தெரியாத ஒருத்தருக்குப் புத்தகம்னா என்ன? இந்தக் கேள்விக்கு எரிக் கார்ல் கத்தரிக்கோலால பதில் சொன்னார்.

கலர் இல்லாத ஊர்ல வளர்ந்த ஆள்

எரிக் கார்ல் பிறந்தது 1929ல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் நகரத்தில். அப்பா அம்மா ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள். அவருக்கு 6 வயது ஆனபோது, 1935ல், குடும்பம் திரும்ப ஜெர்மனிக்கே போய்விட்டது. ஸ்டுட்கார்ட் நகரம். எந்த ஆண்டுன்னு பாருங்க. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து 2 ஆண்டு ஆகியிருந்தது.

அவரோட அப்பா சின்னப் பையனைக் கூட்டிக்கிட்டுக் காட்டுப் பக்கம் நடப்பார். கல்லைப் புரட்டி, மரப்பட்டையை விலக்கி, அடியில இருக்கிற பூச்சி புழுவையெல்லாம் காட்டுவார். பார்த்து முடிச்சதும் அதை அதோட இடத்திலேயே விட்டுடுவார். போர் வந்தது. அப்பாவைப் படையில் எடுத்தார்கள். சோவியத் படையிடம் கைதியாகி, 1947ல்தான் வீடு திரும்பினார். மகனுக்கு 15 வயசுல பதுங்குகுழி தோண்டுற வேலை.

அந்தக் காலத்து ஜெர்மனி அவர் நினைவில் சாம்பல் நிறமாவும் பழுப்பாவும்தான் இருந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டடங்களுக்கே மங்கலான வண்ணம் பூசியிருந்த காலம். அப்போ பள்ளியில ஒரு ஓவிய ஆசிரியர், க்ராஸ் என்பவர், இந்தப் பையனைத் தன் வீட்டுக்கு அழைச்சு, நாஜி அரசு தடை செய்திருந்த ஓவியங்களின் அச்சுப் படங்களைக் காட்டினார். பிக்காசோ, மத்தீஸ், ஃப்ரான்ஸ் மார்க். மாட்டினா அந்த ஆசிரியருக்கு வேலை மட்டும் இல்லை, மொத்த வாழ்க்கையும் போயிருக்கும். ஃப்ரான்ஸ் மார்க் குதிரைக்கு நீல நிறம் தீட்டியவர். அதுக்கு நன்றி சொல்ற மாதிரி, எரிக் கார்ல் 2011ல், தன்னோட 80களில், நீலக் குதிரை வரைந்த ஓவியனைப் பற்றி ஒரு குழந்தைகள் புத்தகம் போட்டார். 65 வருஷத்துக்கு மேல மனசுல இருந்த கடன்.

1952ல் கையில் 40 டாலரோடு நியூயார்க் வந்தார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வடிவமைப்பு வேலை. அப்புறம் விளம்பர நிறுவனம். ஒரு மருந்து விளம்பரத்துக்காக அவர் தாளை வெட்டி ஒட்டிச் செய்த சிவப்புக் கல் இறாலைப் பார்த்துட்டு, பில் மார்ட்டின் ஜூனியர் என்கிற எழுத்தாளர் தன் கதைக்குப் படம் செய்யச் சொன்னார். 1967ல் "பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டூ யூ ஸீ?" வந்தது. அப்போ எரிக் கார்லுக்கு 38 வயசு. 25 வயசுல "லைஃப் செட்டில் ஆகலையே"ன்னு புலம்புறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

வரையல, வெட்டினார்

அவர் வேலை செய்த முறை கொலாஜ். தமிழ்ல ஒட்டுச்சித்திரம்னு சொல்லலாம்.

முதல்ல மெல்லிய டிஷ்யூ தாள். நாம கை துடைக்கிறது இல்லை, பரிசுப் பொருளைச் சுத்தி வர்ற அந்த மெல்லிசு தாள். நம்ம ஊர்ப் பட்டம் விடுற தாள் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அது மேல அக்ரிலிக் வண்ணம். தூரிகையால கோடு, ஸ்பாஞ்சால புள்ளி, விரல் ரேகை, தரைவிரிப்புத் துண்டை முக்கி ஒத்தின தடம். இந்தக் கட்டத்துல எந்த மிருகமும் இல்லை, எந்தக் கதையும் இல்லை, வெறும் வண்ணத் தாள்தான். காய்ஞ்சதும் நிறவாரியாகப் பிரிச்சு, தட்டையான இழுப்பறைகளில் அடுக்கி வைப்பார். பச்சைக்குன்னு ஒரு இழுப்பறை, சிவப்புக்குன்னு ஒண்ணு.

கதை வந்த பிறகு, உருவத்தோட வெளிக்கோட்டை வெச்சு, அந்தத் தாள்களில் இருந்து வெட்டி, சுவர்த்தாள் ஒட்டுற பசையால அட்டையில் ஒட்டுவார். புழுவோட உடம்பைப் பாருங்க: ஒரே பச்சை இல்லை. ஒவ்வொரு வளையமும் வேற வேற பச்சைத் தாள். சில இடத்தில் தூரிகைத் தடம் அப்படியே தெரியும்.

இதுல குழந்தைக்கு என்ன லாபம்? மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, உருவம் தெளிவா இருக்கும். வெள்ளைப் பின்னணியில வெட்டின விளிம்போட ஒரு பேரிக்காய். பின்னாடி மரம், வீடு, மேகம்னு கூட்டம் இல்லை. எதைப் பார்க்கணும்னு 2 வயசுக் கண்ணுக்குக் குழப்பம் வராது.

ரெண்டு, அது ஒட்டின தாள்னு பார்த்தாலே தெரியும். கைதேர்ந்த ஓவியரோட கோட்டைப் பார்த்தா குழந்தை வியக்கும், ஆனா "என்னால முடியாது"ன்னும் நினைக்கும். ஒட்டின தாளைப் பார்த்தா "கத்தரிக்கோல் எங்க?"ன்னு கேட்கும்.

மூணு, நிறம் சரியா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. நீலக் குதிரை, ஊதாப் பூனை. அந்த ஓவிய ஆசிரியர் கொடுத்த தைரியம் அது.

ஓட்டை எங்க இருந்து வந்தது

ஒருநாள் எரிக் கார்ல் காகிதக் கட்டு ஒண்ணுல பஞ்சிங் மெஷினால ஓட்டை போட்டுக்கிட்டு இருந்தார். நாம ஃபைல்ல கோக்குறதுக்கு போடுவோமே, அதே ஓட்டை. அதைப் பார்த்ததும் புத்தகம் தின்கிற புழு ஒண்ணு அவருக்குத் தோணுச்சு. முதல் திட்டத்தில் அந்தப் புழுவோட பேர் வில்லி. அவரோட பதிப்பாசிரியர் ஆன் பெனடியூஸ் அதைக் கம்பளிப்புழுவா மாத்தலாமேன்னு கேட்டார். கேட்ட உடனே பட்டாம்பூச்சி வந்துடுச்சு, கதைக்கு முடிவும் வந்துடுச்சு. நல்ல எடிட்டர் எதுக்கு வேணும்னு இனிமே யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

ஓட்டை போட்ட, அகலம் மாறுற பக்கங்களை அமெரிக்காவில் கட்டுப்படியாகிற விலைக்கு அச்சடிக்க ஆள் கிடைக்கலை. அந்தப் பெண்மணி ஜப்பானில் ஒரு அச்சகத்தைக் கண்டுபிடிச்சார்.

இப்போ புத்தகத்தோட உள் வேலையைப் பார்ப்போம். திங்கள் ஒரு ஆப்பிள். செவ்வாய் 2 பேரிக்காய். புதன் 3 பிளம்ஸ். வியாழன் 4 ஸ்ட்ராபெர்ரி. வெள்ளி 5 ஆரஞ்சு. பழம் கூடக் கூடப் பக்கமும் அகலமாகும். ஒவ்வொரு பழத்திலும் ஒரு ஓட்டை, குழந்தையோட விரல் நுழையுற அளவு. சனிக்கிழமை மட்டும் கேக், ஐஸ்க்ரீம், ஊறுகாய், தர்பூசணின்னு 10 வகை. ராத்திரி வயித்து வலி. ஞாயிறு ஒரே ஒரு பச்சை இலை. அப்புறம் கூடு, அப்புறம் இறக்கை.

எண், கிழமை, பழத்தோட பேர், அளவுக்கு மீறினா வயிறு வலிக்கும்ங்கிற நியாயம், ஒரு உயிரோட வளர்ச்சி. 5 பாடம். எதையும் பாடம்னு சொல்லலை. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வாக்கியத்துல முடியும். ரெண்டாம் முறை படிக்கும்போதே குழந்தை அந்த வாக்கியத்தை நமக்கு முன்னாடி சொல்லிடும். எழுத்து தெரியாது, ஆனா படிக்குது. முதல் வாசிப்பு இப்படித்தான் தொடங்குது. அடுத்தது என்னன்னு ஊகிக்கிறதும், ஊகம் சரியா வர்றதும்தான் அந்த வயசோட பெரிய சந்தோஷம்.

வீட்டில் இருந்து பள்ளிக்குப் போற அந்த முதல் பயணம் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பயமானதுன்னு எரிக் கார்ல் திரும்பத் திரும்பப் பேசியிருக்கார். வீட்டில் பொம்மை, பள்ளியில் புத்தகம். ரெண்டுக்கும் நடுவுல விரல் விட்டு விளையாடவும் படிக்கவும் முடிகிற ஒரு பொருள் வேணும்னு அவர் நினைத்தார். 1984ல் வந்த சிலந்திக் கதையில் வலையின் நூலை விரலால் தடவிப் பார்க்கலாம். 1990ல் வந்த சிள்வண்டுக் கதையில் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் சத்தம் கேட்கும். 1995ல் வந்த மின்மினிக் கதையில் வெளிச்சம் வரும்.

கத்தரிக்கோல் பிடிச்ச மத்தவங்க

அவருக்கு முன்னாடியே லியோ லியொனி இருந்தார். பேரப்பிள்ளைகளோடு ரயிலில் போறார், குட்டிங்க சும்மா இருக்கலை. கையில் இருந்த "லைஃப்" பத்திரிகையைக் கிழிச்சு, ஒரு நீல வட்டம், ஒரு மஞ்சள் வட்டம் எடுத்துக் கதை சொல்ல ஆரம்பிச்சார். ரெண்டும் நண்பர்கள், கட்டிப்பிடிச்சா பச்சை ஆகிடுறாங்க. 1959ல் அது "லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ" என்று புத்தகமாச்சு.

1962ல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் "தி ஸ்னோயி டே" செய்தார். பனியில் விளையாடும் பீட்டர் ஒரு கறுப்பினச் சிறுவன். அவன் கறுப்பாக இருப்பதைப் பற்றிக் கதையில் ஒரு பேச்சும் இல்லை, அவன் சும்மா விளையாடுறான். அன்றைய அமெரிக்காவில் அது பெரிய விஷயம். அவன் அம்மாவோட உடை, அலமாரியில் விரிக்கிற மெழுகுத்துணித் துண்டு. 1963ல் அந்தப் புத்தகத்துக்கு கால்டெகாட் பதக்கம் கிடைத்தது.

நம்ம பக்கம் பார்த்தா, சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996ல் இருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் படப் புத்தகம் போடுது. அவங்க வெளியிட்ட நீனா சப்னானியின் "முகுந்த் அண்ட் ரியாஸ்" பிரிவினைக் காலத்தில் பிரிந்த இரண்டு நண்பர்களின் கதை, ஆசிரியரின் அப்பாவுடைய நினைவு. படங்கள் துணியை வெட்டி வைத்துத் தைக்கிற ஒட்டுத்தையல் பாணி. தாளுக்குப் பதிலா துணி, பசைக்குப் பதிலா ஊசி நூல். பழைய சேலையில ரெட்டுப் போர்வை தைக்கிற நம்ம பாட்டிகளுக்கு இது புதுசே இல்லை.

எங்க ஊர்ல புழுன்னா வேற

இப்போ பாலக்கோட்டுக்கு வர்றேன். இந்தக் கதையை எங்க ஊர்க் குழந்தைக்குப் படிச்சா என்ன ஆகும்?

எங்க பக்கத்துல மல்பெரித் தோட்டம் நிறைய. முசுக்கொட்டைன்னு புத்தகத்துல இருக்கும், பேச்சுல மல்பெரிதான். பட்டுப்புழுவோட வாழ்க்கை கிட்டத்தட்ட எரிக் கார்ல் கதைதான், ஒரு வித்தியாசத்தோட: இது ஐஸ்க்ரீம் தின்னாது. திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் மல்பெரி இலை மட்டும்தான். 25 நாளைக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன தின்னுக்கிட்டே இருக்கும். நடுவுல 4 தடவை தலையைத் தூக்கி அசையாம நின்னு, தோலை உரிச்சுப் போடும். பொரிஞ்ச அன்னைக்கு இருந்த எடையைவிட சுமார் 10,000 மடங்கு ஆகிடும். கடைசிப் பருவத்துலதான் மொத்த இலையில 80 சதவீதத்துக்கு மேல காலியாகும். அந்த வாரத்துல வளர்ப்பு ஷெட்டுக்குள்ள நின்னா, ஓட்டுல தூறல் விழுற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது மழை இல்லை, மெல்லுற சத்தம். பசி அடங்காத புழுன்னா என்னன்னு எங்க ஊர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்கா பொண்ணுக்கு 5 வயசு. அவங்க வீட்டுல புழு வளர்க்கிறாங்க. இந்தப் புத்தகத்தை நானே தமிழ்ல சொல்லிச் சொல்லிப் பக்கம் திருப்பினேன். கிழமை, பழம் எல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தா. கூடு வந்த பக்கத்துல நிறுத்தினா. "மாமா, இதை எப்ப அங்காடிக்குக் கொண்டுபோவாங்க?"

இந்தக் கேள்வி நியூயார்க்ல யாருக்கும் வராது. எங்க ஊர்க் கூடு தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்குப் போகும். ஒரு கூட்டுல இருக்கிறது சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒரே இழை. உள்ள இருக்கிற உயிர் அந்துப்பூச்சியா மாறி வெளிய வரணும்னா, கூட்டை ஈரமாக்கி ஓட்டை போட்டுத்தான் வரும். ஓட்டை விழுந்தா இழை அறுந்துடும், நூற்க முடியாது. அதனால பூச்சி வெளிய வர்றதுக்கு முன்னாடியே கூட்டைச் சூடாக்கிடுவாங்க. கதையில அந்தப் புழு கூட்டுக்குள்ள ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும். எங்க ஊர்ல அந்த ரெண்டு வாரத்தை விடமாட்டோம். விட்டா நஷ்டம்.

எரிக் கார்ல் கதையிலயும் அந்தப் புழு கூட்டைக் கடிச்சு ஓட்டை போட்டுத்தான் வெளிய வருது. அந்தப் புத்தகத்துல ஓட்டைதான் சந்தோஷம். எங்க வீட்டுல ஓட்டைதான் பயம்.

நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள அக்கா அடுப்படியில இருந்தே சொல்லிட்டாங்க: "கொஞ்சத்தை முட்டைக்குன்னு விடுவாங்கடி, அது பூச்சியா வரும். மத்தது சேலைக்கு." புள்ள ஒரு நிமிஷம் யோசிச்சா. "இது முட்டைக்கு விட்டது"ன்னு முடிவு பண்ணிட்டு, பக்கத்தைத் திருப்பினா.

உயிரியல்காரங்க இந்தப் புத்தகத்துல ஒரு பிழை சொல்வாங்க. பட்டாம்பூச்சி கூடு கட்டாது, தோலுக்கு உள்ளேயே கூட்டுப்புழுவா மாறும். இழையால கூடு கட்டுறது அந்துப்பூச்சி வகை. எரிக் கார்லுக்கும் இது தெரியும். சின்ன வயசுல அப்பா சொன்ன சொல் அது, லாலிபாப் தின்கிற புழுவுக்கு இதுவும் இருக்கலாம்னு விட்டுட்டார். ஆனா அவர் கதையில கூட்டுல இருந்து வர்ற அந்த உயிர் பாலக்கோட்டுல நிஜமாவே இருக்கு. வண்ணம் இல்லாத, பறக்கத் தெரியாத, வாழ்நாள்ல ஒரு வாய் கூடச் சாப்பிடாத வெள்ளைப் பூச்சி. தின்ன வேண்டியதை எல்லாம் புழுவா இருக்கும்போதே தின்னுடுச்சு. அதைப் பற்றி ஒரு படப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கலை. எங்க ஊர்ப் பிள்ளைங்க செய்ய வேண்டிய புத்தகம் அது.

தமிழ்ல முதல் வாசிப்பு ஏன் கஷ்டம்

எங்க பகுதியில வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுற பிள்ளைங்க நிறைய. ஊர்ப் பேரே பாருங்க, மாரண்டஹள்ளி, திம்மனஹள்ளி. தமிழ் பேசுற வீட்டுப் பிள்ளைக்கும் புத்தகத் தமிழ் வேற மொழிதான். அது "சாப்ட்டுச்சு"ன்னு சொல்லும், புத்தகம் "சாப்பிட்டுக்கொண்டிருந்தது"ன்னு சொல்லும். எண்ணிப் பாருங்க, 13 எழுத்து. அதே இடத்துல "தின்றது" போட்டா 4 எழுத்து. ஆரம்ப வாசகருக்கு எழுதுறவங்க செய்ய வேண்டிய முதல் வேலை இந்தக் கணக்குதான். சின்னச் சொல், திரும்ப வர்ற வாக்கியம், சொல்லுக்குச் சொல் துணை நிக்கிற படம்.

கொரோனாவில் பள்ளி மூடினப்புறம் இந்தப் பிரச்சினை எல்லாருக்கும் தெரிஞ்சது. தமிழ்நாடு அரசு 2021ல் இல்லம் தேடிக் கல்வி, 2022ல் எண்ணும் எழுத்தும், 2023ல் வாசிப்பு இயக்கம்னு தொடங்குச்சு. வாசிப்பு இயக்கத்தோட சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு 4 படியா பிரிச்சிருக்காங்க. பேரே அழகா இருக்கு. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கின ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைகள் இலவசமாவே கிடைக்குது. இறக்கி அச்சடிச்சுக்கலாம், செலவு அச்சுக்கு மட்டும்தான்.

இந்த வாரக் கடைசிக்கு ஒரு வேலை

சென்னையிலோ பெங்களூருலயோ ரூம் எடுத்து இருக்கீங்க, ஊர்ல அக்கா பையன், அண்ணன் பொண்ணு இருக்கு. போகும்போது என்ன வாங்கிட்டுப் போறீங்க? ஸ்வீட் பாக்ஸ். இந்த முறை கூட ஒரு கத்தரிக்கோல், முனை மழுங்கினது.

மீதி எல்லாம் வீட்டுலயே இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், பிஸ்கட் கவர், பட்டம் விடுற தாள், கோயில் திருவிழாவுல மிச்சமான கலர் பேப்பர். பசைக்கு மைதா கரைச்சு அடுப்புல காய்ச்சினா போதும், சுவரொட்டி ஒட்டுற அதே பசை. முதல் நாள் உருவம் எதுவும் வெட்டாதீங்க. வெள்ளைத் தாளுக்கு வண்ணம் மட்டும் பூசட்டும். வெண்டைக்காயை நறுக்கி ஒத்தலாம், விரலை வெச்சு ஒத்தலாம். காயட்டும். அடுத்த நாள் அதுல இருந்து வெட்டுங்க.

8 பக்கம் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு உருவம், ஒரு வரி. வரி திரும்பத் திரும்ப வரட்டும். ஆப்பிளும் பேரிக்காயும் வேண்டாம், தக்காளி, மாங்கா, சோளக்கதிர் வரட்டும். வாக்கியத்தைக் குழந்தை சொல்லட்டும், நீங்க எழுதுங்க. அது "சாப்ட்டுச்சு"ன்னு சொன்னா அப்படியே எழுதுங்க. தன் வாயில இருந்து வந்த சொல் தாள்ல நிக்குதுன்னு ஒரு பிள்ளைக்குப் புரிஞ்ச அன்னைக்குப் பாதி வேலை முடிஞ்சது. புத்தகத் தமிழ் பின்னாடி தானா வரும். நடு முதுகுல ஊசி நூலால ரெண்டு தையல் போடுங்க. வேணும்னா ஆபீஸ் பஞ்சிங் மெஷினால ஒரு ஓட்டையும் போடுங்க.

எரிக் கார்ல் 2021 மே மாதம் 91 வயசுல காலமானார். 2002ல் அவரும் மனைவியும் சேர்ந்து மாசசூசெட்ஸ்ல ஆம்ஹெர்ஸ்ட் ஊர்ல படப் புத்தக ஓவியங்களுக்குன்னே ஒரு அருங்காட்சியகம் தொடங்கினாங்க. அங்க உங்க ஊர்ப் புத்தகம் இருக்காது. அது ஊர்ல, ஒரு பிள்ளையோட பையில, ஓரம் மடங்கி, மைதா பசை வாசனையோட இருக்கட்டும். நீங்க செஞ்சா அட்டையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.